மாவு என்று சொன்னேன்

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு. ஆசைப்பட்டு எழுதவில்லை. பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்கு நடை மட்டுமல்ல, கையெழுத்தும் சுருங்கிக்கொண்டே போகுமாம். தினமும் கொஞ்சம் எழுதுங்கள் என்று டாக்டர் பர்வீன் சொல்லியிருக்கிறார். அறுபத்தாறு வயதில் எனக்கு வீட்டுப்பாடம்.

அவர் என்னை ஒரு மருந்துப் பரிசோதனையில் சேர்த்திருக்கிறார். பூனைக்காலிக் கொடி இருக்கிறதே, காயைத் தொட்டால் அரிப்பு பிடுங்குமே, அதன் விதையிலிருந்து எடுத்த மருந்து. நாங்கள் விழுங்கும் வழக்கமான மாத்திரையில் இருக்கும் அதே பொருள் அந்த விதையிலும் உண்டு. கூடவே இருக்கும் மற்ற பொருள்கள் ஏதாவது நல்லது செய்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பாதிப் பேருக்கு மருந்து அடைத்த கேப்ஸ்யூல், பாதிப் பேருக்கு ஒன்றுமில்லாத டம்மி. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகுதான் சொல்வார்கள். கேப்ஸ்யூலைத் திறக்கக் கூடாது, மற்ற நோயாளிகளோடு அதைப் பற்றிப் பேசக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

என்னிடம் போய் இப்படி ஒரு கையெழுத்து! பார்மசி கல்லூரியில் மூலிகைகளைப் பற்றிப் பாடம் நடத்தியே தலை நரைத்தவள் நான். எந்தப் பொடியைக் கொடுத்தாலும் மைக்ராஸ்கோப்பில் வைத்து இது இன்னது, இதில் இன்ன கலப்படம் என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் மோப்ப நாய். கேள்விப்பட்டபோது கோபம் வந்தது, பிறகு பெருமையாகிவிட்டது.

ஜூன் 10

குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரவில்லை. கை வழக்கம்போல.

ஜூன் 23, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். வராந்தாவில் நடந்து திரும்பச் சொல்கிறார்கள், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்கிறார்கள், நத்தைக் கூடு மாதிரி ஒரு சுருளை வரையச் சொல்கிறார்கள். நான் வரைந்தது நசுங்கிய ஜிலேபி.

காத்திருக்கும் இடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ரத விட உங்களது பரவால்லீங்" என்றார். பெயர் வெள்ளியங்கிரி. கணபதியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். எரிந்துபோன போர்வெல் மோட்டாரைப் பிரித்து, முடி மாதிரி இருக்கும் செம்புக் கம்பியை அதன் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் இறக்கிப் புதிதாகச் சுற்றுகிற வேலை. வலது கை நடுங்குகிறது. கம்பியை இறக்கினால் மேல்பூச்சு உரசிப் போய்விடுகிறதாம். உரசினால் மோட்டார் மறுபடி எரியும்.

"தீபாவளி வரைக்கும் பாக்கறேனுங்க. கை வந்துச்சுன்னா கடை. வரலைன்னா பக்கத்து லேத்துக்காரருக்கு எடத்தக் குடுத்துப்போட்டு அவினாசில மக வூட்டோட போயிருவேன். அங்க போயி என்னத்தப் பண்றது, டிவிதான் பாக்கோணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் யார் என்று கேட்டார். சொன்னேன். மோப்ப நாய் கதையையும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூலை 14, திங்கள்

என் வீட்டுக்காரர் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். பரணிலிருந்து மைக்ராஸ்கோப்பை இறக்கித் துடைத்து வைத்தேன். துடைத்த பிறகு சும்மா வைத்திருப்பானேன்.

ஒரே ஒரு கேப்ஸ்யூல். தொழில் புத்தி, வேறொன்றுமில்லை.

பழுப்புப் பொடி. கண்ணாடித் துண்டில் வைத்துக் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தால், அடடா. வேலிக்கம்பு நட்ட மாதிரி நெட்டு நெட்டாகச் செல்கள், அதன் அடியில் உடுக்கை வடிவத்தில் இன்னொரு வரிசை. அவரை, மொச்சை இனத்து விதையின் தோல். பூனைக்காலியும் அந்த இனம்தானே. செல்கள் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் நீளமாகத் தெரிந்தன. கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது, அதனால் இருக்கும்.

ஆக எனக்குக் கிடைத்திருப்பது மருந்து. கேப்ஸ்யூல் ஒன்று கீழே விழுந்து நசுங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 22

காலையில் தெருமுனை வரை நடந்து, நிற்காமல் திரும்பி வந்தேன். இவர் பின்னாலேயே வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. "என்ன வேணி, ராணுவத்துல சேர்ந்துட்டியா?" என்றார். மருந்து வேலை செய்கிறது, வேறென்ன.

கையெழுத்தும் பெரிதாகியிருக்கிறது. ஜூன் மாதப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆஸ்பத்திரி. டாக்டர் பர்வீன் என் நடையைப் பார்த்துவிட்டு, "நல்ல முன்னேற்றம் மேடம்" என்று குறித்துக்கொண்டார். எனக்குக் காரணம் தெரியும், அவருக்குத் தெரியாது. பரீட்சைத் தாளை முன்கூட்டியே பார்த்துவிட்ட பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளியங்கிரி இன்று உற்சாகமாக இருந்தார். "டீச்சருங்களே, சனிக்கிழம ஒரு பள்ளத்துல கம்பி எறக்கிப் பாத்தனுங்க. உரசாம எறங்குச்சுங்க. ஒண்ணே ஒண்ணுதான். ஆனா எறங்குச்சு."

"கேப்ஸ்யூல்னாலயா?"

"அது தெரியலீங்க. டம்மியாக்கூட இருக்கலாம்னு சொல்லிப்போட்டாங்களே. ராத்திரியெல்லாம் அதே வெசனம். நெசமாலுமே மருந்துன்னு தெரிஞ்சா ஒரு தெம்பா இருக்கும்."

உங்களுடையதில் ஒன்றைக் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கூடாது என்றல்லவா சொல்லியிருக்கிறார்கள் என்று தயங்கினார். அதெல்லாம் தெரியாதவர்களுக்குப் போட்ட சட்டம் என்றேன். டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துப் பேப்பரில் மடித்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 6

வெள்ளியங்கிரியின் கேப்ஸ்யூலைத் திறந்தேன். நிறம் என்னுடையதைப் போலத்தான். ஆனால் ஒரு செல் கூட இல்லை. ஒழுங்கற்ற துணுக்குகள், நடுநடுவே மாவுமணிகள். அயோடின் ஒரு சொட்டு விட்டதும் அந்த மணிகளெல்லாம் நீலம். சோள மாவுக்கு நிறம் ஏற்றி அடைத்திருக்கிறார்கள். மூன்று முறை புதிதாக வைத்துப் பார்த்தேன். விதையின் அடையாளம் துளிகூட இல்லை.

பாவம். எனக்கு அடித்த அதிர்ஷ்டம் அவருக்கு அடிக்கவில்லை.

சொல்ல வேண்டுமா, வேண்டாமா? மனிதர் வீணாக நம்பிக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்வதுதான் மரியாதை.

ஆகஸ்ட் 25, திங்கள்

சொல்லிவிட்டேன்.

வெள்ளியங்கிரி தன் கேப்ஸ்யூல் டப்பாவைப் பைக்குள் வைத்தார். பிறகு, "அப்ப கம்பி எறங்குச்சுங்களே?" என்றார்.

"அது உங்க நினைப்பு. மருந்து சாப்பிடறோம்னு நினைச்சா அப்படித்தான் இருக்கும். நிறையப் பேருக்கு நடக்கிறதுதான், நீங்க சங்கடப்படக் கூடாது" என்று விளக்கினேன். நன்றாகத்தான் விளக்கினேன். வகுப்பில் கூட இவ்வளவு பொறுமையாக யாருக்கும் விளக்கியதில்லை.

"மொத நாள் ஒரு பள்ளம், அடுத்த வாரம் மூணு பள்ளம் எறக்குனேனுங்க" என்றார். அதற்கும் அதே பதில்தான் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாததுங்களா" என்றார்.

அவர் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போனார். வெளியே வந்து என் பக்கம் பார்க்காமல் போய்விட்டார். அவர் கண்ணாடி போட்டிருக்கவில்லை, என்னைத் தெரிந்திருக்காது.

ஆகஸ்ட் 27

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவுச் சொப்பு என் கையாலேயே செய்தேன். போன வருடம் இவர்தான் யூடியூப் பார்த்துப் பிடித்தார், பிள்ளையாரே கண்ணை மூடிக்கொண்டிருப்பார். இந்த வருடம் ஒவ்வொன்றும் விளிம்பு கிழியாமல் வந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூரணம் அடிப்பிடித்துவிட்டது என்று இவரிடம் சமாளித்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

வெள்ளியங்கிரி வரவில்லை. ஆராய்ச்சியைப் பார்த்துக்கொள்ளும் பெண், "அவர் நிறுத்திக்கறேன்னு போன்ல சொல்லிட்டார் மேடம். காரணம் கேட்டா, 'எனக்கா தோணுச்சு' ன்னு மட்டும் சொல்றார். உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்பது உண்மைதான். சொன்னது நான்.

செப்டம்பர் 18

வெள்ளியங்கிரிக்குப் போன் செய்தேன். நிறுத்தியதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கை எப்படி என்று கேட்டேன். "பழையபடிதானுங்க. நீங்க சொன்னது செரிதான், வெறும் நெனப்பு. தெரிஞ்சதுக்கப்பறம் போயிருச்சு பாருங்க" என்றார்.

நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், அது மதியம் வரை ஓடியது.

அக்டோபர் 16

கடைவீதிக்குப் போன இவர் கணபதி வழியாக வந்திருக்கிறார். வெள்ளியங்கிரியின் கடைப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தார்களாம். சுவரை இடித்து லேத் பட்டறையோடு சேர்க்கிறார்களாம்.

அவருடைய முடிவு. பெரிய மனிதர், யோசிக்காமலா செய்வார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. மழை. இரண்டு முறுக்கு தின்றேன், மூன்று என்று இவர் சாதிக்கிறார்.

நவம்பர் 10, திங்கள்

யாருக்கு எது என்று இன்று உடைத்துச் சொன்னார்கள். நாங்கள்தான் கடைசித் தொகுதி, அதனால் உடனே தெரிந்துவிட்டது.

டாக்டர் பர்வீன் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "உங்களுக்கு வந்தது டம்மி மேடம். ஆனா ஏமாத்தமா நினைக்காதீங்க. கடைசி வரைக்கும் இருந்தவங்க எல்லாருக்கும் அடுத்த ஒரு வருஷம் நிஜ மருந்து தரப்போறோம்."

நான் சிரித்தேன். தவறாகப் பார்த்துவிட்டீர்கள், பட்டியலை இன்னொரு முறை சரிபாருங்கள் என்றேன். சரிபார்த்தார். டம்மிதான்.

"அதுல விதைத் தோல் இருக்குமே" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசிக்கவில்லை. "ஆமா, நிறத்துக்காகப் புளியங்கொட்டைத் தோல் கொஞ்சம் சேர்த்தாங்க. மருந்து கரும்பழுப்பா இருக்குமில்லையா? அது விதையைச் சாறெடுத்து, வடிகட்டி, மாவோட சேர்த்து உலர்த்தினது. வெள்ளையா ஒண்ணு வச்சா நோயாளிக்குத் தெரிஞ்சிடுமே."

புளியும் அதே இனம். அதன் கொட்டைத் தோலிலும் வேலிக்கம்பு செல்கள் உண்டு, இன்னும் கொஞ்சம் நீளமாக.

ஆனால் அது பெரிய தப்பில்லை. பெரிய தப்பு மற்றது. சாறு எடுத்து வடிகட்டினால் செல் எப்படி இருக்கும்? செடி போய்விடும், அதிலிருந்த பொருள் மட்டும் நிற்கும். முதல் வருடப் பிள்ளைகளுக்கு நான் நடத்திய பாடம் இது. மருந்தில் செடியைத் தேடிப் பார்த்துவிட்டு, செடி இல்லை, அதனால் மருந்து இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு செல் கூட இல்லாத பொடி. மாவோடு சேர்த்து உலர்த்தியது. அவருடையது மருந்து.

"என் நடை?" என்று கேட்டேன்.

"அது நிஜம் மேடம். நம்பிக்கை வந்தா மூளையே தனக்குத் தேவையான ரசாயனத்தைக் கொஞ்சம் கூடுதலா சுரக்கும். இந்த நோயில அது அதிகம். பொய்னு சொல்ல முடியாது."

நினைப்பு என்று நான் சொன்னது யாருக்கு நடந்திருக்கிறது பாருங்கள்.

நவம்பர் 11

சமையலறை வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது. இவர் வந்து, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிச் சொன்ன பிறகுதான் நகர்ந்தது. மழை ஈரம், அதனால் என்றேன்.

நவம்பர் 12

மழை ஈரமில்லை. இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மைக்ராஸ்கோப், இரண்டு கேப்ஸ்யூல்கள், நான் சொன்னது, கடைப் பலகை எல்லாம்.

இவர் அரிசிம்பருப்பு சாதத்துக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரித்து முடித்துவிட்டுத்தான் பேசினார். "நீ டாக்டர்கிட்ட சொன்னா என்ன ஆகும்?"

"என்னை நீக்கிடுவாங்க. மருந்து கிடைக்காது."

"சொல்லலைன்னா?"

"எனக்குக் கிடைக்கும். அவருக்குக் கிடைக்காது. நடுவுல நிறுத்தினவங்களுக்குத் தர மாட்டாங்க."

"எனக்கு உன் நடை வேணும் வேணி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்று நானும் எடுத்துக்கொண்டேன். எனக்கும் என் நடை வேண்டும்தான், அதை மறைப்பானேன்.

நவம்பர் 13, வியாழன்

டாக்டரிடம் சொன்னேன். அவர் கத்தியிருந்தால் தேவலை. பேனாவை மூடிவைத்துவிட்டு, "இதுக்கு நாலு வருஷம் உழைச்சிருக்கோம் மேடம். நீங்களே இதைச் செய்வீங்கன்னு..." என்று பாதியில் நிறுத்தினார். என்னைப் பற்றிக் குறித்த விவரங்களை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்கள். மருந்தும் கிடையாது. அது நியாயம்தான் என்று சொல்லிவிட்டு, வெள்ளியங்கிரியைப் பற்றிக் கேட்டேன்.

விதிகள் இருந்த கோப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னார். தானாக விலகியவருக்கு வழியில்லை. இன்னொருவர் தவறாகச் சொல்லி விலகியிருந்தால் ஆராய்ச்சியைக் கண்காணிக்கும் குழுவின் முன்னால் வைக்கலாம். ஆனால் நான் சொன்னால் போதாது. அவரே வந்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும்.

நவம்பர் 15, சனி

அவினாசிக்குப் போனோம். அவர் மகள் வீட்டு மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, எதிரே டிவி. வெள்ளியங்கிரி எங்களைப் பார்த்ததும் எழ முயன்றார், கை நாற்காலியோடு சேர்ந்து ஆடியது. இளைத்திருந்தார்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். உங்களுடையதுதான் மருந்து, என்னுடையது டம்மி, நான் பார்த்தது தப்பு.

டிவியை நிறுத்தினார். "அப்ப கம்பி எறங்குனது?"

"மருந்து வேலை செஞ்சது. உங்க கைதான் இறக்கிச்சு."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன்.

வலது கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு மாசமா என்ர கையத் திட்டிக்கிட்டு இருந்தனுங்க. பொய்யி காட்டி ஏமாத்திப்போட்டியேன்னு."

மன்னிப்பு என்கிற சொல் அங்கே போதாது என்று தெரிந்தும் அதைத்தான் சொன்னேன். அவர் மகளைக் கூப்பிட்டு எங்களுக்குக் காப்பி போடச் சொன்னார்.

குழுவைப் பற்றிச் சொன்னதும் ஒரே பிடிவாதம். "உங்க பேர நான் சொல்றதாவது. எனக்கா தோணுச்சு, நின்னுட்டேன், இப்பத் திரும்ப வரேன்னு சொல்லிக்கறேன்."

"அப்படிச் சொன்னா உங்களைச் சேர்க்க மாட்டாங்க. நான்தான் சொன்னேன்னு சொல்லணும்."

"வாத்தியாரம்மாவப் போயிக் காட்டிக் குடுக்கறதுங்களா?"

"வெள்ளியங்கிரி, நான் ஏற்கனவே சொல்லியாச்சு. எனக்கு இனிமே போக ஒண்ணுமில்லை. உங்களுக்குத்தான் இருக்கு."

யோசித்துச் சொல்கிறேன் என்றார். இறங்கும்போது படிக்கட்டில் என் கால் நின்றது. மேலிருந்து அவர், "டீச்சருங்களே, மெதுவா" என்றார். அந்தக் குரலைக் கேட்க வெட்கமாக இருந்தது.

நவம்பர் 17, திங்கள்

வந்தார். வெள்ளைச் சட்டை, மகள் கூடவே. நீள மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டர் பர்வீனும் இன்னும் நாலு பேரும். என்னையும் உட்காரச் சொன்னார்கள்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார்கள். வெள்ளியங்கிரி தரையைப் பார்த்தார். "எனக்கா..." என்று ஆரம்பித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"இவிங்க சொன்னாங்க" என்றார். மெதுவாகத்தான் ஆரம்பித்தார். பிறகு குரல் ஏறியது. "மாவுன்னு சொன்னாங்க. படிச்சவங்க, பூதக்கண்ணாடில பாத்தவங்க, நான் என்னத்தக் கண்டேன்? கை லேசாச்சுன்னு சொன்னனுங்க. நெனப்புன்னாங்க. மூணு பள்ளம் எறக்குனேன்னு சொன்னனுங்க. அதும் நெனப்புன்னாங்க. ஒருக்கா, ஒரே ஒருக்கா, காட்டுங்க பாப்போம்னு என்ர கையப் பாக்கலீங்களே! பொடியப் பாத்தாங்க. எங்கப்பன் காலத்துக் கடைங்க அது. செவுத்த இடிச்சுப்போட்டாங்க. என்ர கைங்க! எனக்குத் தெரியாதுங்களா?"

மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். தண்ணீர்க் குவளை சாய்ந்தது. யாரும் துடைக்கவில்லை. நான் தலையைத் தூக்கவில்லை. அவர் கையைப் பார்த்திருக்கலாம். பக்கத்து நாற்காலியில்தான் இருந்தது.

எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுப் பேசினார்கள். பிறகு டாக்டர் பர்வீன் வந்து, அவரை மறுபடி சேர்ப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் முதல் கேப்ஸ்யூல் தருவார்கள். கை முன்போல வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். லேத்துக்காரர் பட்டறையில் ஒரு மூலை கேட்டுப் பார்க்கலாம் என்று மகள் சொன்னாள்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது வெள்ளியங்கிரி என் பக்கத்தில் வந்து நின்றார். இரண்டு பேர் கையும் ஆடிக்கொண்டிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர்" என்றார்.

"கோபம் உங்களுக்குத்தான் வரணும்."

"வந்துச்சுங்களே, பாக்கலீங்களா?" என்றார்.